உக்கிரமாகச் சைக்கிள் விட்ட வழக்கு

பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜுனைதீனுக்கு நாற்பது வயது கடந்தும் ஒரு பட்டப்பெயர் வாய்க்கவில்லை. அந்த ஊரில் அது சின்னக் குறை அல்ல. எதிர்க்கடைக்காரரைச் சுருட்டு மஹ்ரூப் என்றார்கள். பாத்திரக்கடைக்காரர் இருமும்போது தெருவே திரும்பிப் பார்க்குமென்பதால் அவர் பீரங்கி. ஜுனைதீனை மட்டும் 'அந்த ஜவுளிக்கடைக்காரர்' என்றுதான் சொன்னார்கள். 'எந்த ஜவுளிக்கடைக்காரர்?' என்று உடனே திருப்பிக் கேட்டார்கள்.

ஆள் நல்லவர். துணி அளக்கும்போது முழத்தைக் குறைக்கமாட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் பள்ளிக்குப் போவார், ஆனால் வந்திருந்தாரா என்று யாரிடம் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார்கள். ஒருமுறை ஆற்று வெள்ளத்தில் பாலம் சேதப்பட்டபோது அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று நல்ல யோசனை ஒன்று சொன்னார். அதை ஏற்றுக்கொண்டார்கள். நன்றியை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சொன்னார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் ஆண்டு வாக்கில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரச் சின்னத்துரை உடம்புக்கு முடியாமல் சீமைக்குப் புறப்பட்டார். நாய், துப்பாக்கி, கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் விற்றார். யாரும் வாங்காமல் பங்களாத் தாழ்வாரத்தில் மிஞ்சி நின்றது அவருடைய சைக்கிள். அதை ஜுனைதீன் வாங்கினார்.

"பிரேக்கு வேலை செய்யாதுங்க. அது பயந்தவங்களுக்குத்தான் தேவைன்னு தொர சொல்லுவாரு" என்றார் பங்களாச் சமையற்காரர்.

"எனக்கென்ன பயம்?" என்றார் ஜுனைதீன். அவர் சொன்னது உண்மை. அதில் ஏறுகிற எண்ணம் இருந்தால்தானே பயம் வரும்?

அன்று முதல் அவர் சைக்கிளோடு நடந்தார். கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அதை வலப்பக்கம் உருட்டிக்கொண்டு, சிவப்புத் துருக்கித் தொப்பியின் குஞ்சம் ஆட, திருப்பத்துக்குத் திருப்பம் மணியை அடித்துக்கொண்டு போவார். எப்போது பார்த்தாலும் அப்போதுதான் இறங்கியவர்போல ஒரு மூச்சு விடுவார். ஏறி ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துரைமாரும் குதிரையைச் சில நேரம் கையில் பிடித்துக்கொண்டுதானே நடக்கிறார்கள்?

கேட்டவர் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி ஸித்தி ஸுபைதா.

"இத நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, இது உங்களக் கூட்டிட்டுப் போவுதா?" என்றார்.

"உனக்கு விளங்காது" என்று சொல்லி ஜுனைதீன் வண்டியைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

விஷயம் கைமீறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களிலிருந்து சனம் சாமான் வாங்க வந்து கடைவீதி நிறைந்திருந்தது. கச்சேரி மேட்டின் உச்சியில், தெரு நேரே கடைவீதிக்கு இறங்கும் இடத்தில், ஜுனைதீன் சைக்கிளோடு நின்றார். சின்னத்துரையின் படமொன்றில் பார்த்ததுபோல ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, மறுகாலைத் தரையில் ஊன்றியிருந்தார். தபால் கந்தோர் எழுத்தர் அந்த வழியே வந்து தொப்பியைத் தூக்கினார். பதிலுக்கு சலாம் சொல்ல ஜுனைதீன் கையை எடுத்தார். சைக்கிள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

முதலில் மெதுவாகத்தான் நகர்ந்தது. தரையில் இருந்த காலும் எப்போது மேலே வந்ததென்று அவருக்குத் தெரியாது. பிறகு மரங்கள் ஓடின, கடைகள் ஓடின, "யா அல்லாஹ்!" என்ற சத்தம் ஒன்று அவரோடு கூடவே ஓடிவந்தது. அது தன்னுடைய சத்தமென்று அவருக்குப் பிறகுதான் புரிந்தது. மணியை மட்டும் விடாமல் அடித்தார். அந்த வண்டியில் அவருக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கீரை விற்ற ரெங்கம்மா கூடையைப் போட்டுவிட்டுச் சாக்கடைக்குள் குதித்தார். மாட்டு வண்டிக்காரர்கள் மாட்டோடு ஒதுங்கினார்கள்.

ஒதுங்காமல் நின்றவர் வீரய்யா கங்காணி.

பெரிய தோட்டத்துப் பெரிய கங்காணி அவர். கறுப்புக் கோட்டு, வெள்ளிப்பூண் போட்ட குடை, தலையில் நீளமான சரிகைத் தலைப்பாகை. அவர் நடந்தால் லயத்து வீடுகளில் இருக்கும் கூலிச் சனமெல்லாம் வழிவிடும். தான் வழிவிட வேண்டிய சந்தர்ப்பம் பிறந்ததிலிருந்து அவருக்கு வந்ததில்லை. அதனால் எப்படி ஒதுங்குவதென்று அவருக்குத் தெரியவில்லை. எப்படி நிறுத்துவதென்று ஜுனைதீனுக்குத் தெரியவில்லை.

குடை ஒரு கூரைமேல் போய் விழுந்தது. தலைப்பாகை அவிழ்ந்து கடைவீதியின் பாதி நீளத்துக்கு உருண்டு போனது. கங்காணி நடுத்தெருவில் கிடந்தார். அவர்மேல் ஜுனைதீன் கிடந்தார். இருவருமே மரியாதை தெரிந்தவர்களாதலால், கிடந்தபடியே ஒருவருக்கொருவர் வணக்கமும் சலாமும் சொல்லிக்கொண்டார்கள். தேநீர்க் கடையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பொலிஸ்காரர் இரண்டு பேரின் பெயரையும் எழுதினார்.

மறுவாரம் சம்மன் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் ஜுனைதீன் அதைத் தபால் கந்தோர் எழுத்தரிடம் கொண்டுபோனார். எழுத்தர் படித்து, "பொதுத் தெருவில் சைக்கிளை உக்கிரமாக விட்டீராம்" என்றார்.

"என்ன?"

"உக்கிரமாக."

ஜுனைதீன் அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் அவரை யாரும் எதுவாகவும் சொன்னதில்லை. இப்போது ராஜாவின் முத்திரை போட்டு அரசாங்கமே சொல்கிறது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"நீங்களா? உக்கிரமா?" என்றார் ஸுபைதா. "கோழி அறுக்க அடுத்த வீட்டுக்காரரக் கூப்புடுற நீங்களா?"

ஆனால் ஊர் ஸுபைதாவைப்போல இல்லை. விபத்தை நேரில் கண்டவர்களைவிடக் காணாதவர்கள் அதிகம். வேகத்தைப் பற்றிப் பேசியது அவர்கள்தான். மேட்டிலிருந்து மின்னல்போல வந்தாராம், குதிரை வண்டியை முந்தினாராம். ஒரே வாரத்தில் அவர் 'சைக்கிள் ஜுனைதீன்' ஆகிவிட்டார். தோட்டத்துச் சனம் சேலை வாங்கும் சாக்கில் அவரைப் பார்க்க வந்தது. அவர் மேசைமேல் சம்மனை எல்லோருக்கும் தெரியும்படி வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் துணி வெட்டும் கத்தரிக்கோலையும் வைத்தார்.

"குத்தம் எண்டு ஒத்துக்கிட்டு, கட்டுறதக் கட்டிட்டு வாங்க" என்றார் ஸுபைதா.

அவருக்கும் அதுவே விருப்பம். ஒரு தடங்கல் வந்தது. பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மரைக்கார்மாரில் ஓரிடம் அந்த நேரம் பார்த்துக் காலியானது. பெயர் எடுத்தவர் என்பதால் முதல்முறையாக ஜுனைதீனின் பெயரும் அடிபட்டது. மூத்த மரைக்கார் புஹாரி ஹாஜியார் கடைக்கே வந்து, மேசையிலிருந்த சம்மனை விரலால் தட்டினார்.

"கோட்டுல தண்டம் கட்டின ஆள மரைக்காராப் போட ஏலாது தம்பி. வழக்க வெண்டுட்டு வாங்க."

ஆகவே ஜுனைதீன் கந்தப்பிள்ளையிடம் போனார். கந்தப்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் தொழில் பார்த்த பிரக்கிராசி. நல்ல வக்கீல், குரல்தான் கொஞ்சம் அதிகம். அவர் இரகசியம் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள்.

"முதலாளி, உண்மையைச் சொல்லும். எவ்வளவு கெதியாய் ஓடினீர்?"

ஜுனைதீன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஐயா, எனக்கு ஓட்டத் தெரியாது."

"என்ன?"

"உருட்டத்தான் தெரியும்."

கந்தப்பிள்ளை கதிரையிலிருந்து துள்ளினார். "அப்ப வழக்கு முடிஞ்சுது! ஓடத் தெரியாத மனிசன் உக்கிரமாய் எப்பிடி ஓடுறது? நீர் சைக்கிள் விடேல்லை, சைக்கிள்தான் உம்மை விட்டது!"

"அத மெல்லச் சொல்லுங்க ஐயா."

"மெல்லச் சொல்லுறதோ? கோட்டிலை முழங்கிறன் பாரும்!"

வழக்கு நாளில் நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. வீரய்யா கங்காணி தன் கௌரவத்துக்கேற்ப ஒரு கூட்டத்தோடு வந்திருந்தார். அவர்கள் ஜன்னல்களில் தொங்கினார்கள். நீதிமன்றத்து வளவின் ஓரத்தில் திரை போட்ட மாட்டுக் கரத்தை ஒன்று நின்றது. அதற்குள் ஸுபைதா இருந்தார். சான்றுப் பொருளாகிய சைக்கிள் எழுத்தரின் மேசையோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நீதவான் ஓர் இளவயது வெள்ளைக்காரர். தினமும் மாலையில் தானும் சைக்கிள் விடுபவர். தன்னால் கச்சேரி மேட்டில் வேகமாக இறங்க முடியவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. எதிரியாக நின்ற ஜுனைதீனை மதிப்போடுதான் பார்த்தார்.

மொழிபெயர்க்கும் முதலியார் எழுந்து குற்றத்தைப் படித்தார். "பொதுசனங்கள் செல்லும் இராஜபாட்டையில் துவிச்சக்கர வண்டியை உக்கிரமாகச் செலுத்தி, மேற்படி சனங்களுக்கு அச்சமும் அபாயமும் விளைவித்தீர். குற்றவாளியா, சுத்தவாளியா?"

"சுத்தவாளி" என்றார் ஜுனைதீன், கொஞ்சம் வருத்தத்தோடு.

முதலில் பொலிஸ்காரர். தான் கச்சேரி மேட்டிலிருந்தே எதிரியைத் துரத்தி ஓடி வந்ததாகவும், கடைவீதியில் எட்டிப் பிடித்ததாகவும் சொன்னார். பெல்ட்டுக்கு மேலும் கீழும் சரிந்த அவருடைய வயிற்றை நீதவான் ஒருமுறை பார்த்தார். கந்தப்பிள்ளை எழுந்து, இவரே எட்டிப் பிடித்தாரென்றால் அந்த வேகத்துக்குப் பெயர் உக்கிரம்தானா என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து வீரய்யா கங்காணி. புதுத் தலைப்பாகையோடு கூண்டில் ஏறி நின்றார்.

"சைக்கிள் மோதி விழுந்தீரோ?" என்றார் கந்தப்பிள்ளை.

கங்காணி ஜன்னலைப் பார்த்தார். அவருக்குக் கீழே வேலை செய்யும் முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

"விழலீங்க."

"விழேல்லையோ! அப்ப தெருவிலை கிடந்தது ஆர்?"

"கெடக்கலீங்க. உக்காந்தேன்."

"நடுத்தெருவிலையோ?"

"எனக்குத் தோணுன எடத்துல உக்காருவேனுங்க."

ஜன்னலில் ஆமோதிப்பு எழுந்தது.

"தலைப்பாகை உருண்டு போனதே?"

"காத்தாட அவுத்து விட்டேங்க. அது கொஞ்சம் நீளந்தான்."

"குடை கூரைமேலை போனது?"

"வெயிலு இல்லீங்க. எதுக்குக் கொடன்னு வீசிட்டேன்."

முதலியார் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் இங்கிலீஷில் சொன்னார். நீதவான் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். அடிபட்டவரே அடிபடவில்லை என்றபின் வழக்கில் மிச்சம் எதுவுமில்லை. கந்தப்பிள்ளை சும்மா இருந்திருந்தால் எல்லோரும் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் அந்தப் பேச்சைக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். பேசாமல் ஜெயிக்க அவருக்கு மனம் வரவில்லை.

எழுந்து, நீதவானுக்கு இங்கிலீஷிலும் சனத்துக்குத் தமிழிலுமாக முழங்கினார். "கனம் நீதவான் அவர்களே! எனது கட்சிக்காரருக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது! வாங்கின நாள் தொடக்கம் இதை ஒரு ஆட்டுக்குட்டியைப் போலக் கூட்டிக்கொண்டு திரிகிறார்! ஏறவும் தெரியாது! இறங்கவும் தெரியாது! மணி மாத்திரம் அடிப்பார்!"

ஜன்னல்களில் தொடங்கிய சிரிப்பு தாழ்வாரம் முழுக்கப் பரவியது. சுருட்டு மஹ்ரூப் சிரித்தார். பொலிஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். ஜுனைதீனுக்குக் காது இரண்டும் கொதித்தன. புஹாரி ஹாஜியார், மரைக்கார் இடம் எல்லாம் அவருக்கு மறந்துபோயின.

"பொய்!" என்று கத்தினார். "நான்தான் ஓட்டினன்! வேகமாத்தான் ஓட்டினன்! உக்கிரமா!"

கந்தப்பிள்ளை அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். நீதவான் பேனாவை வைத்துவிட்டார். தன் வக்கீலைத் தானே எதிர்த்து வாதாடும் எதிரியை அவர் அதுவரை கண்டதில்லை. சிறிது யோசித்துவிட்டு ஏதோ சொன்னார். முதலியார் தொண்டையைச் செருமினார்.

"துவிச்சக்கர வண்டியை வளவுக்குக் கொண்டுபோய் எதிரி அதைச் செலுத்திக் காட்டவேண்டும். செலுத்தினால் குற்றவாளி. செலுத்தமுடியாவிட்டால் விடுதலை."

நீதிமன்றமே எழுந்து வெளியே போனது. மாமரத்தடியிலிருந்து வாசல்கதவு வரை ஓட்டவேண்டும். இடம் நல்ல சமதரை. சரிவென்று பெயருக்குக்கூட இல்லை. கந்தப்பிள்ளை ஜுனைதீனின் காதருகே குனிந்து தன் இரகசியக் குரலில் சொன்னார்:

"விழும் முதலாளி! விழுந்தால் விடுதலை! விழும்!"

வளவிலிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

ஜுனைதீன் தொப்பியைச் சரிசெய்தார். பிஸ்மி சொல்லி ஏறினார். சைக்கிள் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு வெட்டிய வாழைமரம்போல, அவசரமில்லாமல், இடப்பக்கம் சாய்ந்தது. எழுந்தார். மறுபடி ஏறினார். வலப்பக்கம் சாய்ந்தது. வேட்டி கிழிந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். மாமரத்தில் போய் முட்டினார். நான்காம் முறை ஏறுவதற்கு முன்பே விழுந்தார். தண்டனை பெறுவதற்காக அவ்வளவு பாடுபட்ட மனிதரை அந்த வளவு அதற்கு முன்பு பார்த்ததில்லை. கரத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அவருக்கு நன்றாகப் பழக்கமான சிரிப்பு.

எலும்பு ஏதும் முறியுமுன் நீதவான் கையை உயர்த்தினார்.

"எதிரிக்குத் துவிச்சக்கர வண்டி செலுத்தும் வல்லமை அறவே இல்லை என்பது மன்றுக்குத் திருப்தியாக நிரூபிக்கப்பட்டதால் அவர் விடுதலை செய்யப்படுகிறார்" என்று முதலியார் வளவு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

அன்று மாலை ஸுபைதா கணவரின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போது ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் எரிந்தது. அடுத்த நாள் காலையில் ஜுனைதீன் நொண்டிக்கொண்டே கந்தப்பிள்ளையிடம் போனார்.

"அப்பீல் போடுங்க ஐயா."

"வெண்ட வழக்குக்கோ?"

"ஓம்."

"நீர் குற்றவாளி எண்டு தீர்ப்புத் தரச்சொல்லியோ?"

ஜுனைதீன் தலையசைத்தார். கந்தப்பிள்ளை சட்டப் புத்தகத்தை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "அதுக்குச் சட்டத்திலை இடமில்லைக் காணும்" என்றார்.

கடைவீதி பொல்லாதது. சேலை வாங்க வந்தவர்கள், "மொதலாளி, நடக்கவாச்சும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சேலை வாங்காமல் போனார்கள். அவர் கடையின் உட்பக்கம், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தார். சைக்கிளைக் கொல்லைக்கு அனுப்பினார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் வீரய்யா கங்காணி வந்தார். கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"மொதலாளி, என் மானம் போவுதுங்க. காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப பின்னால நின்னு சிரிக்கிறானுங்க. ஓட்டத் தெரியாத ஆளு வந்து இடிச்சதுக்கே கங்காணி உக்காந்துட்டாருன்னு."

"என் மானம் மட்டும் என்ன, தங்கத்தட்டுலயா ஈக்கி?" என்றார் ஜுனைதீன்.

கங்காணி பக்கத்திலிருந்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "வக்கீலய்யா அன்னிக்கு உங்க காதுல சொன்னத நாங்கூடக் கேட்டேன். விழுங்க, விழுந்தா விடுதலைன்னு" என்றார்.

"ஊரே கேட்டிச்சு."

"அதாங்க கேக்குறேன். வேணும்னுதானே விழுந்தீங்க?"

ஜுனைதீன் அவரைப் பார்த்தார். கங்காணியின் முகத்தில் கேலி இல்லை. இருந்ததெல்லாம் வேண்டுதல். ஜுனைதீன் நிமிர்ந்து உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேற எப்பிடி?" என்றார்.

"நாலு தடவ விழுந்தும் ஒரு எலும்பு ஒடையலையே! ஓட்டத் தெரியாதவன் அப்பிடி விழுவானா?"

"விழ ஏலாது" என்றார் ஜுனைதீன் அடக்கமாக.

"அன்னிக்கு மேட்டுலேர்ந்து நீங்க வந்த வேகத்துக்கு வேற ஆளா இருந்தா செத்திருப்பான்."

"நீங்க அந்த நேரம் பாத்து உக்காந்தீங்களே, அது பெரிய சாமர்த்தியம். நான் பாத்துக்கிட்டுத்தானே வந்தன்."

இரண்டு பேரும் தேநீர் வரவழைத்துக் குடித்தார்கள். கங்காணி போகும்போது வீட்டாருக்கும் லயத்தாருக்குமாக ஒரு கட்டுச் சேலை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கதை தோட்டத்தில் ஒரு பக்கமும் கடைவீதியில் ஒரு பக்கமுமாகக் கிளம்பி, பண்டாரவளைச் சந்தை வரை போய்ச் சேர்ந்தது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. உக்கிரமானவரைத் துரத்திப் பிடித்தவர் என்ற பெயர் பொலிஸ்காரருக்கு நின்றது. இப்படியொரு யுக்தியைச் சொல்லிக்கொடுத்தவர் என்று கந்தப்பிள்ளைக்கு வழக்குகள் கூடின. வேலி தாண்டி எட்டிப்பார்த்து, 'நாலு முறையும் நாலு விதமாக விழுந்தாராமே' என்று ஸுபைதாவிடமே வியந்தார்கள் பெண்கள். அவர் மறுக்கவில்லை.

மரைக்கார் தெரிவுக்கான கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நடந்தது. ஜுனைதீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய், பிற்பகலில் திரும்பி வந்தார்.

"கெடச்சிச்சா?" என்றார் ஸுபைதா.

"இல்ல. பாத்திரக்கடைக்காரரப் போட்டுட்டாங்க."

"ஏனாம்? நீங்கதான் வழக்க வெண்டுட்டீங்களே."

"ஹாஜியார் எந்திரிச்சுச் சொன்னார். இவ்வளவு வேகமும், நீதவானையே ஏமாத்துற இவ்வளவு தந்திரமும் உள்ள மனுசன்ட கையில பள்ளிக் காரியத்தக் குடுக்கப் பயமா ஈக்கிதாம். நான் ஊருக்கே மிச்சம் ஆபத்தான ஆளாம்."

சொல்லும்போது கவலைப்பட்ட முகம் வைத்துக்கொள்ள அவர் எவ்வளவோ முயன்றார். முகம் கேட்கவில்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்த கையால் ஸுபைதா சோற்றுச் சட்டியை இறக்கி வைத்தார்.

"ஓம், மிச்சம் ஆபத்து" என்றார். "கையக் கழுவிட்டு வாங்க, ஆறிப் போவுது."

அன்று ஜுனைதீன் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.